வெர்னா சொன்ன நேரம்

வெண்ணெய் கருகிவிடக் கூடாதே என்று அடுப்பின் தீயைக் குறைத்துக்கொண்டிருந்தேன். சால்மன் துண்டைத் திருப்பிப் போட வேண்டிய பதம். தோல் பக்கம் மொறுமொறுவென்று இருந்தால்தான் வெர்னா சாப்பிடுவாள். அந்த நேரம் பார்த்துத்தான் டூகல் ரேடியோவில் கூப்பிட ஆரம்பித்தான்.

"வெர்னா ஜே, வெர்னா ஜே, வெர்னா ஜே. லாங் வீக்கெண்ட் பேசறேன். லார்ன், இருக்கியா? தண்ணி ஓயலடா. ஓயவே இல்ல. இழுக்குது."

வெர்னா ஜே எங்கள் படகு. என் மனைவியின் பெயரைத்தான் அதற்கு வைத்திருந்தேன். லாங் வீக்கெண்ட், டூகலின் படகு. அதில் அவனும் அவன் மனைவி மேவிஸும் இருந்தார்கள். வேறு யாரும் இல்லை.

வெர்னா மேஜையில் உட்கார்ந்து ரொட்டிக்கு ஜாம் தடவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கினாள்.

"யாரோ என்னைக் கூப்பிடறாங்க லார்ன்."

"உன்னை இல்ல. படகைக் கூப்பிடறாங்க."

"பாவம், பயந்துபோயிருக்காங்க போல. பதில் சொல்லேன்."

"சொல்றேன். நீ முதல்ல சாப்பிடு. ஆறிடும்."

மறுபடியும் டூகலின் குரல் வந்தது. இந்தத் தடவை முறைப்படி படகின் பெயரை மூன்று தரம் சொல்லவில்லை. "படகு திரும்ப மாட்டேங்குது... மேவிஸ், லைஃப் ஜாக்கெட்டப் போடு, மேவிஸ், ஜாக்கெட்ட..." என்று மட்டும் கேட்டது. ரேடியோவின் சத்தத்தைக் குறைக்கும் குமிழ் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இடது பக்கம் திருப்பினேன். மீனையும் திருப்பிப் போட்டேன். தோல் சரியாக வந்திருந்தது.

இதை அப்போது உங்களிடம் நான் சொல்லவில்லை, கார்ப்பரல். இஞ்சின் அறைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன், ரேடியோ சத்தம் காதில் விழவில்லை என்றேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள்.

உட்காருங்கள். அந்தக் கயிற்றை ஒதுக்கி வைத்துவிட்டு உட்காரலாம். காப்பி கொஞ்சம் கசக்கும். படகில் அப்படித்தான் போட்டுப் பழக்கம். போலீஸ் விசாரணையை முடித்தாகிவிட்டது என்று போனில் சொன்னீர்கள். முடித்த விஷயத்துக்காக மழையில் உங்களைத் துறைமுகம் வரைக்கும் வரவழைத்ததற்கு மன்னிக்க வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டூகல் எனக்கு எதிரி இல்லை. என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன். மோதிரத்தைக் கோட்டுப் பையின் கிழிசலுக்குள் விட்டுவிட்டு, பாதிரியார் முன்னால் கோட்டையே கழற்றி உதறியவன். மேவிஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எங்கள் ஜோஸ்லின் பிறந்தபோது வெர்னாவுக்குப் பக்கத்தில் இருந்தது அவள்தான். நான் அன்று சம்பளத்துக்கு வேலை பார்த்த ஃபெரி கப்பலில், இஞ்சின் அறையில் இருந்தேன். அவர்கள் நல்லவர்கள். எல்லாமே அதனால் வந்த வினைதான் என்று சில நேரம் தோன்றுகிறது.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒவ்வொரு கோடையும் நாங்கள் நான்கு பேரும் இரண்டு படகுகளில் லேடிஸ்மித் துறைமுகத்திலிருந்து வடக்கே கிளம்புவோம். தீவுகளுக்கு நடுவில் புகுந்து புகுந்து அலாஸ்கா வரைக்கும் போய்விட்டு, இலையுதிர் காலத்துக்கு முன்னால் திரும்பி வருவோம். பகலெல்லாம் படகு ஓட்டுவது. சாயங்காலம் ஏதாவது ஒரு விரிகுடாவில் நங்கூரம் போட்டு, இறால் கூண்டு இறக்கி, யார் படகில் சாப்பாடு என்று சண்டை போடுவது. வேறு எதுவும் எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

கரையில் கொண்டுவந்து கட்டும்போது புருஷனும் பெண்டாட்டியும் கத்திக்கொள்ளாத படகு இந்தக் கடற்கரையில் கிடையாது. டூகலும் மேவிஸும் கத்தினால் அடுத்த தீவில் நாய் குரைக்கும். நானும் வெர்னாவும் மட்டும் கத்தியதில்லை. நாங்கள் கையால் பேசுவோம். அவள் முன்பக்கம் நிற்பாள், நான் சக்கரத்தைப் பிடித்திருப்பேன். மூடிய கை என்றால் நிறுத்து. சுட்டுவிரல் கீழே என்றால் நங்கூரத்தை இறக்கு. உள்ளங்கையை வயிற்றுப் பக்கம் அசைத்தால் பின்னால் போ. துறையில் நிற்கிற மற்ற ஜோடிகள் எங்களை வேடிக்கை பார்ப்பார்கள். "பாத்துக் கத்துக்கோ" என்று பெண்டாட்டிகள் புருஷன்களை இடிப்பார்கள்.

அந்தக் கோடையில், வடக்கே போகும்போது ஒரு நாள், வெர்னா முன்பக்கம் நின்று கையைத் தூக்கினாள். தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. மூடவும் இல்லை, விரிக்கவும் இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். தூரத்தில் போகிற யாருக்கோ விடை கொடுப்பதைப் போல இருந்தது. பாறை பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. நான் ஒரு குத்துமதிப்பில் படகை நிறுத்தி, நானே ஓடிப்போய் நங்கூரத்தை இறக்கினேன்.

"சரியா காட்டினேனா?" என்று கேட்டாள்.

"அற்புதமா காட்டினே," என்றேன்.

சொல்லிப் பார்த்தபோது அது எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

அதற்கு முன்பே, வசந்தத்தில், தபால்தலை வாங்கி வருகிறேன் என்று காரை எடுத்துக்கொண்டு போனவள், பழைய படகுத் துறையில் வீட்டுச் செருப்போடு உட்கார்ந்திருந்தாள். எப்போதோ நிறுத்திவிட்ட ஃபெரிக்காகக் காத்திருக்கிறாளாம். ஜோஸ்லின் கால்கரியிலிருந்து விமானம் ஏறி வந்துவிட்டாள். என் மகள் கெட்டவள் இல்லை. அவளுக்கு எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

"அப்பா, இந்த ஒரு கோடை போயிட்டு வாங்க. நான் தடுக்கல. ஆனா இன்னொரு தடவை இப்படி ஏதாவதுன்னு என் காதுக்கு வந்துச்சுன்னா, படகை வித்துடணும். அம்மா எங்க ஊர்ல இருக்கட்டும். நல்ல இடம் பாத்து வச்சிருக்கேன். ராத்திரி பகல் ஆள் இருக்கும். கதவு பூட்டியிருக்கும்."

கதவு பூட்டியிருக்கும் என்பதை அவள் ஒரு வசதியாகத்தான் சொன்னாள்.

அவள் போன பிறகு வெர்னா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று தெளிவாக இருந்தாள். "லார்ன், என்னைக் கரையில விட்டுட்டுப் போயிடாத. தண்ணி மேல இருக்கிற வரைக்கும் நான் யாருன்னு எனக்குத் தெரியுது. கரையிலதான் குழம்பிடுது" என்றாள். விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். நீங்களாக இருந்தாலும் கொடுத்திருப்பீர்கள்.

இப்போது அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் கடலே இல்லாத ரெஜினா ஊர்ப் பக்கத்து ஆள் என்று சொன்னதாக ஞாபகம். கோதுமை வயலில் வளர்ந்தவருக்கு இது விளங்க வேண்டும்.

இந்தத் தீவுகளுக்கு நடுவே கடல் ஆறு மாதிரி ஓடும். டென்ட் என்று பெயருள்ள இடுக்கு மாதிரி குறுகிய இடங்களில் வெள்ளைத் தண்ணீராகக் கொதிக்கும், சுழிக்கும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவில் கொஞ்ச நேரம் தண்ணீர் ஓயும். அந்த நேரம் பார்த்துக் கடந்துவிட வேண்டும். ஓயும் நேரம் எல்லாம் வருஷா வருஷம் புத்தகமாக அச்சாகி வருகிறது. ஆனால் அதில் இருப்பது குளிர்கால நேரம். கோடையில் நாம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொள்கிறோம். கடலுக்கு அது தெரியாது, புத்தகத்துக்கும் தெரியாது. புத்தகத்தில் உள்ளதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். புதிதாகப் படகு வாங்குகிற எவனும் ஒரு தடவையாவது இதில் கோட்டை விடுவான்.

வெர்னா விட்டதில்லை. இரண்டு படகுக்கும் அவள்தான் நேரம் பார்ப்பாள். தினமும் காலையில் காப்பி வேளைக்கு ரேடியோவில் வருவாள். டூகல் தயாராக இருப்பான்.

"மகாராணி, இன்னிக்குத் தண்ணி எங்களுக்கு எப்ப வழி விடும்?"

"மரியாதையா கேட்டா சொல்றேன். நேத்து என் கூண்டுல இறால் திருடின கை யாரோடது?"

"மேவிஸோட கை."

"ஐயோ, பொய்," என்று பின்னாலிருந்து மேவிஸ் கத்துவது கேட்கும். அதற்குப் பிறகுதான் வெர்னா நேரத்தைச் சொல்லுவாள். டூகலிடமும் அதே புத்தகம் இருந்தது. பிரித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டான். வெர்னா சொல்லிவிட்டால் கடலே சொன்ன மாதிரி அவனுக்கு.

திரும்பி வரும் வழியில், டென்ட் இடுக்குக்கு வடக்கே ஒரு சின்னத் துறையில் இரண்டு நாள் நின்றோம். மரப்பலகை மேடை ஒன்று, அவ்வளவுதான். கடை கிடையாது, போன் கிடையாது. அங்கேதான் மேவிஸ் பார்த்துவிட்டாள். வெர்னா இறால் கூண்டைத் தூக்கித் தண்ணீரில் போட்டாள். கயிறு கட்டாமல். கூண்டு கீழே போனது. வெர்னா கையைத் துடைத்துக்கொண்டு மேவிஸ் பக்கம் திரும்பி, "நீங்க எந்தப் படகு?" என்று விசாரித்தாள்.

அன்று மாலை நானும் டூகலும் மேடை ஓரத்தில் உட்கார்ந்து நண்டு சுத்தம் செய்துகொண்டிருந்தோம்.

"எத்தனை நாளா இப்படி?" என்றான்.

"எப்படி?"

"லார்ன், உன் மூஞ்சிக்குப் பொய் ஒத்துவராது. செத்த நண்டுகூட நம்பாது."

"வயசாகுதுடா. உனக்கு மட்டும் எல்லாம் ஞாபகம் இருக்கா? போன வாரம் மூக்கு மேல கண்ணாடிய வச்சுக்கிட்டு படகு பூரா தேடினே."

சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "மேவிஸை அவளுக்குத் தெரியலடா. உள்ள போய்ப் பாரு, மேவிஸ் அழுதுக்கிட்டிருக்கா. ஜோஸ்லினுக்குச் சொல்லிட்டியா?"

"வீடு போய்ச் சேந்ததும் சொல்றேன்."

"அதுக்கு இன்னும் எத்தனை இடுக்கு, எத்தனை நங்கூரம் இருக்கு? அவ தண்ணில விழுந்தா நீ தூக்குவியா? உன் முதுகு இருக்கிற அழகுக்கு உன்னையே ஒருத்தன் தூக்கணும்." கத்தியைக் கீழே வைத்தான். "நாளைக்கு ஸ்டூவர்ட் தீவுக் கடையில போன் இருக்கும். நீ பேசிடு. நீ பேசலன்னா நான் பேசறேன். கோவிச்சுக்காத."

"உன் மேல எனக்கென்னடா கோவம்," என்றேன். நிஜமாகவே கோபம் இல்லை. இருந்ததில் பெரிய நண்டை அவன் பக்கம் தள்ளினேன்.

அந்தக் கடை டென்ட் இடுக்குக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் மூடுபனி. பலகையில் நின்றால் படகின் முனை தெரியவில்லை. பௌர்ணமி முடிந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. தண்ணீருக்கு உச்சபட்ச வேகம் இருக்கிற நாட்கள் அவை. ரேடார் கரையைக் காட்டும். தண்ணீரின் குணத்தைக் காட்டாது. பனிக்குள் போகிறவனுக்கு, கொதிக்கிற தண்ணீர் அதன் வாய்க்குள் போன பிறகுதான் தெரியும். அதோடு ஏற்றத் தண்ணீர் தெற்கே இழுக்கும். நாங்கள் போக வேண்டிய பக்கமும் தெற்குதான். உள்ளே இழுத்துவிட்டால் டூகலின் படகு மாதிரி மெதுவான படகு திரும்ப முடியாது. இதெல்லாம் எனக்கு அன்று காலையில் தெரிந்த விஷயங்கள். நானாக உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தவை அல்ல.

எப்போதும் நாங்கள் முன்னால் போவோம், அவர்கள் பின்னால் வருவார்கள். அன்று டூகலிடம், தண்ணீர் பம்ப் ஒழுகுகிறது, நீங்கள் முன்னால் போங்கள், நான் சரிசெய்துவிட்டு வந்து கடையில் சேர்ந்துகொள்கிறேன் என்றேன்.

"இருந்து உதவி பண்ணட்டுமா?"

"நீ உதவி பண்ணினா இஞ்சின் கழண்டு கடல்ல விழுந்துடும். போடா."

மேவிஸ் தன் படகிலிருந்து எட்டிப் பார்த்து, வெர்னாவுக்கு வெண்ணெய்ப் பணியாரம் ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். "வெர்னா, நான் மேவிஸ்" என்று அவள் தன் பெயரைச் சொல்லிக் கொடுத்ததைக் கவனித்தேன். "தெரியுமே" என்றாள் வெர்னா.

அவர்கள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு விரிகுடாவின் வாய்க்குப் போய்க் காத்திருந்தார்கள். பம்ப் ஒழுகவில்லை.

வழக்கம்போல வெர்னா புத்தகத்தை எடுத்தாள். வழக்கம்போல மைக்கை எடுத்தாள். "மகாராணி" என்றான் டூகல். அன்று கேலியில் சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தது. வெர்னா நேரத்தைச் சொன்னாள். அது உண்மையான நேரத்துக்கு ஒரு மணி நேரம் முந்தியது. கூட்டாத நேரம். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். என் காதால் கேட்டேன். திருத்தவில்லை.

இஞ்சின் அறையில் இருந்ததால் அவள் என்ன சொன்னாள் என்று தெரியாது என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். தெரியும். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் அந்த வார்த்தையை எல்லோரும் கேட்கும் ரேடியோவில் சொல்ல வேண்டும். "பாத்தியா, நேரமும் போயிடுச்சு" என்று டூகல் நினைப்பான். கடையில் இறங்கியதும் முதல் வேலையாகப் போனை எடுப்பான். என் மனைவி கடைசியாகக் கையில் வைத்திருந்த ஒரே வேலை அது. நான்கு பேர் நடுவில் அதை அவள் கையிலிருந்து பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. ஒரு புருஷன் தன் பெண்டாட்டியை ஊரறிய அவமானப்படுத்தாமல் இருந்தான். இப்படியும் இதைப் பார்க்கலாம். நான் ரொம்ப நாள் இப்படித்தான் பார்த்தேன்.

அதன் பிறகு மீன் பொரித்தேன். அதைச் சொல்லிவிட்டேன்.

வெர்னா சாப்பிட்டு முடித்ததும் ரேடியோவைப் பழையபடி வைத்தேன். அப்போது வேறு குரல்கள் பேசிக்கொண்டிருந்தன. இடுக்குக்குப் பக்கத்தில் உள்ள மீன்பிடி விடுதியிலிருந்து வேகப் படகு ஒன்று கிளம்பியிருந்தது. டூகலின் உடலை அவர்கள்தான் எடுத்தார்கள். மேவிஸ் கிடைக்கவே இல்லை.

நான் சரியான நேரத்துக்குக் கயிற்றை அவிழ்த்து, சரியான நேரத்துக்கு டென்ட்டைக் கடந்தேன். பனி விலகியிருந்தது. தண்ணீர் தட்டில் ஊற்றி வைத்த எண்ணெய்போல இருந்தது. நேரம் தெரியாது என்று சொன்னவன் எப்படிச் சரியாக ஓய்ந்த தண்ணீரில் வந்து சேர்ந்தான் என்று நீங்கள் கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் கேட்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை. என் முகம் அன்று அழுத முகம். அந்த அழுகை நடிப்பில்லை.

வெர்னா முன்பக்கம் நின்றிருந்தாள். பூப்போட்ட இருக்கை மெத்தை ஒன்று மிதந்து வந்தது.

"யாரோ தவற விட்டுட்டாங்க லார்ன். எடுத்துக் குடுத்துடலாம்."

கொக்கிக் கழியால் இழுத்து எடுத்தோம். அந்தப் பூத்துணியைத் தைக்க மேவிஸுக்கு நூல் கோத்துக் கொடுத்தவள் வெர்னாதான். அதை வெயில் படும் இடத்தில் சாய்த்து வைத்து, காயும் வரைக்கும் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். உங்களிடம் ஒப்படைத்த பொருள்களில் அதுவும் ஒன்று.

செத்தவர்கள் நேரம் தவறிப் போனார்கள், மூடுபனி, விதி என்று எல்லோரும் பேசிவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்திருந்தேன். விடுதியில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் இருப்பார் என்று நினைக்கவில்லை. ஒரு பெண் குரல் நேரத்தைத் தப்பாகச் சொன்னதை அவர் உங்களுக்குச் சொல்லிவிட்டார். நீங்கள் இதே இடத்தில் உட்கார்ந்து அதைப் பற்றி விசாரித்தீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் வெர்னா பேசிவிட்டாள்.

"நான்தான் சொன்னேன். எப்பவும் நான்தான் சொல்லுவேன். ஒண்ணைக் கூட்ட மறந்திருப்பேன்."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். உங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. நினைவு தப்பிக்கொண்டிருக்கும் ஒரு வயதான பெண்மணியின் தவறு, யார்மீதும் வழக்கு இல்லை என்று எழுதினீர்கள். யாருக்கும் தண்டனை இல்லாத ஒரு முடிவைக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டேன்.

டூகல் போனில் சொல்லியிருக்க வேண்டியதை உங்கள் அறிக்கை ஜோஸ்லினுக்குச் சொல்லிவிட்டது. அவள் வந்தாள். வெர்னாவைக் கூட்டிக்கொண்டு போனாள். பெட்டியைக் கார் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனவன் நான்தான். காரில் ஏறும்போது வெர்னா முன்பக்கம் நிற்பவளைப் போல என்னைத் திரும்பிப் பார்த்துக் கையைத் தூக்கினாள். அந்தக் கைக்கு என்ன அர்த்தம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. எதை நடக்கவிடக் கூடாது என்று இரண்டு பேரை அந்தப் பனிக்குள் அனுப்பினேனோ, அது அவர்கள் சாவாலேயே நடந்தது. நீங்கள் சிரிக்கலாம். நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

திருத்தவில்லை என்ற அளவில் சொல்லிவிட்டு உங்களை அனுப்பிவிடலாம் என்றுதான் போன் செய்தபோது நினைத்திருந்தேன். ஆனால் போன வாரம் கால்கரிக்குப் போனேன்.

நல்ல இடம்தான். ஜோஸ்லின் பொய் சொல்லவில்லை. சுத்தமாக இருக்கிறது. வெர்னாவின் ஜன்னலுக்கு வெளியே கார்கள் நிற்கின்றன. அவளுக்கு என்னைத் தெரியவில்லை. மகளைத் தெரியவில்லை. படகு என்ற சொல் தெரிகிறது, படகு தெரியவில்லை. எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போன நோய் ஒன்றை மட்டும் விட்டு வைத்திருக்கிறது. மாத்திரை கொடுக்க வருகிற நர்ஸிடம், தரை துடைக்க வருகிற பையனிடம், எல்லோரிடமும் அதைத்தான் சொல்கிறாள். "ஒண்ணைக் கூட்டணும். நான் கூட்டல. அதனாலதான் மேவிஸ் வரல."

தினமும் காலையில் மேவிஸ் எங்கே என்று கேட்கிறாளாம். தினமும் அவளே அந்தப் பதிலையும் சொல்லிக்கொள்கிறாளாம். சொன்னதும் அழுகிறாளாம். மத்தியானத்துக்குள் மறந்துவிடுமாம். மறுநாள் காலையில் மறுபடியும் புதிதாக. நர்ஸ் இதை என்னிடம் வருத்தப்பட்டுத்தான் சொன்னாள். "யார் அந்த மேவிஸ்?" என்று கேட்டாள். சிநேகிதி என்றேன்.

நான் வெர்னாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அன்று காலையில் நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. உங்களிடம் இதுவரை சொல்லாததையும் சேர்த்துச் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். நல்ல நாட்களில் கேட்பதைப் போலவே, தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு கேட்டாள். முடித்ததும் என் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

"நீங்க ரொம்ப நல்லவங்க. எனக்காகச் சொல்றீங்க. என் வீட்டுக்காரரும் இப்படித்தான். நான் பண்ற தப்பையெல்லாம் தான் பண்ணினதா சொல்லிடுவார். இப்ப படகுல இருக்கார். வந்தா நீங்க அவரைப் பாக்கணும்."

பார்க்கிறேன் என்றேன்.

அவள் நம்பவில்லை, கார்ப்பரல். இனி நம்பவும் மாட்டாள். நீங்களாவது நம்ப வேண்டும். அதற்காகத்தான் கூப்பிட்டேன். இதுவும் அவளுக்காகத்தான். நான் எது செய்தாலும் அவளுக்காகத்தான். உங்கள் அறிக்கையில் ஒரு வரியை நீங்கள் மாற்றி எழுத வேண்டும்.

அன்று காலையில் வெர்னா புத்தகத்தைப் பிரித்து, அந்தத் தேதியின் மேல் விரலை வைத்தாள். உதடு அசைந்தது. "ஒண்ணைக் கூட்டு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கூட்டினாள். என் பக்கம் திரும்பி நேரத்தை வாய்விட்டுச் சொன்னாள். அது சரியான நேரம். அந்தக் கோடை முழுவதும் அவள் முகம் அவ்வளவு தெளிவாக இருந்து நான் பார்க்கவில்லை. சரியாகச் செய்துவிட்டோம் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

நான் அவள் தோள்மேல் கையை வைத்தேன்.

"வெர்னா, நீ ரெண்டு தடவை கூட்டிட்டே. ஒண்ணைக் கழிச்சிடு," என்றேன்.

அவள் புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்படியா? நல்ல வேளை, நீ பக்கத்துல இருந்தே," என்று சொல்லிவிட்டு, மைக்கின் பொத்தானை அழுத்தினாள்.